பாத்துக்குவாரு, கேப்பாரு: ‘தேவ சித்தம்’ என்னும் சொல்லாடல் பற்றி

1

மதுரையைச் சுற்றியுள்ள கிறிஸ்தவக் குடியிருப்புகளில், சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் மழை பொய்த்த காட்டுக் கரையிலும் அடிக்கடி காதில் விழும் வாக்கியங்கள் மூன்று: ‘எல்லாம் தேவ சித்தம்’, ‘ஆண்டவர் ஒரு திட்டம் வச்சிருக்கார்’, ‘ஆண்டவர் பாத்துக்குவாரு’. இயக்கம் சார்ந்த நம் தோழர்கள் இவை மூன்றையும் ஒரே வாக்கியமாகத்தான் கேட்கிறார்கள். அபின் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். திருச்சபையும் இவற்றை ஒரே வாக்கியமாகத்தான் கேட்கிறது. அது வைக்கிற பெயர் விசுவாசம். பெயர்தான் வேறு, இரண்டு தரப்பும் கேட்கிற விதம் ஒன்று. சொல்கிறவர் யார், யாரிடம் சொல்கிறார், சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்று இரண்டு பேருமே விசாரிப்பதில்லை.

அபின் என்ற சொல்லை மார்க்சிடமிருந்து எடுத்துக்கொண்டோம். 1844இல் வெளியான, ஹெகலின் உரிமைத் தத்துவம் பற்றிய அந்தச் சிறிய முன்னுரையில், அபினுக்கு முந்திய வரிகளிலேயே, நசுக்கப்பட்டவர்களின் துயரமும் அந்தத் துயரத்துக்கு எதிரான முறையீடும் மதத்துக்குள் இருப்பதாக அவர் சொல்லிவிடுகிறார். நாம் பின்பாதியை மட்டும் மனப்பாடம் செய்தோம். முறையீடு என்ற பாதி காணாமல் போனது. அந்தப் பாதியைத் தேடுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. தேடும் இடங்கள் சில சொற்கள், ஒரு பழைய நூல், மதுரையில் அச்சான ஒரு தன்வரலாறு, மதுரையில் பாடம் நடத்திய ஒருவரின் பாட்டுகள், ஒரு நீதிமன்றத் தீர்ப்பு.

2

முதலில் சொற்கள். ‘சித்தம்’ என்பது சீர்திருத்த சபைகளின் சொல். கத்தோலிக்கர்களுக்கு அது ‘திருவுளம்’. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: மேலே இருப்பவரின் மனசு. திருவுளம் என்பதை அரசனுக்கும் வழங்கினோம், கடவுளுக்கும் வழங்கினோம். ‘கர்த்தர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நாயக்கர் காலத்து மதுரை வரலாற்று ஏடுகளில் ‘கர்த்தாக்கள்’ என்றால் மதுரையை ஆண்ட நாயக்கர்கள். ‘ஆண்டவர்’ பிறந்த அதே ‘ஆள்’ என்ற வேரில்தான் ஆண்டான் அடிமை என்கிற ஆண்டானும் பிறந்தான். விசுவாசி முழங்காலில் நின்று ‘ஆண்டவரே, உம்முடைய சித்தம்’ என்னும்போது எத்தனை நூற்றாண்டுகளின் குனிவு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது என்பது எம்.ஏ. தமிழ் படிக்காமலே தெரியக்கூடிய விஷயம்தான்.

‘திட்டம்’ இந்த இடத்துக்குப் புதிதாக வந்த சொல். எரேமியா 29:11 கிறிஸ்தவ வீடுகளின் காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் ஆட்டோவின் முதுகிலும் இருக்கிற வசனம். ஹென்றி பவர் முதலானோர் 19ஆம் நூற்றாண்டில் செய்த, இன்றும் சீர்திருத்த சபைகளில் புழங்குகிற பழைய மொழிபெயர்ப்பில் கர்த்தர் தம் ஜனங்கள் பேரில் வைத்திருப்பது ‘நினைவுகள்’. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே இடத்தில் அவை ‘திட்டங்கள்’ ஆகிவிட்டன. மூலமான எபிரேயச் சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தமிழில் இந்த இரண்டு சொற்களும் செய்கிற வேலை வேறு. ‘ஒன் நெனப்பாவே இருக்கேன்’ என்று அம்மா சொல்வாள், காதலி சொல்வாள். அந்த உறவில் துடிப்பு இருக்கிறது, பதில் எதிர்பார்ப்பு இருக்கிறது. ‘திட்டம்’ ஐந்தாண்டுத் திட்டத்தின் சொல், வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் சொல். திட்டம் தீட்டுகிறவர் ஒரு பக்கம், பயனாளி இன்னொரு பக்கம். பயனாளி வரிசையில் நிற்க வேண்டியதுதான். நினைவிலிருந்து திட்டத்துக்கு வந்தபோது கடவுள் தாய் என்ற இடத்திலிருந்து அதிகாரி என்ற இடத்துக்கு மெல்ல நகர்ந்துவிட்டார்.

அந்த வசனம் யாருக்குச் சொல்லப்பட்டது? பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்திய வசனத்தில் 70 வருஷம் என்று கெடு சொல்லப்படுகிறது. அதாவது கடிதத்தைக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்புவதைப் பார்க்கப்போவதில்லை. ‘ரெண்டே வருஷம், எல்லாம் சரியாயிரும்’ என்று சொன்ன அனனியா என்ற தீர்க்கதரிசியும் இருந்தான். 28ஆம் அதிகாரம் அவனைப் பொய்யன் என்கிறது. உடனடி ஆறுதல் விற்கிறவன் அந்தக் காலத்திலேயே பொய்யன்தான். இன்னொன்று: பழைய மொழிபெயர்ப்பில் கர்த்தர் தனி ஆளிடம் பேசினால் ‘நீ’ என்பார். இங்கே ‘உங்கள்’ என்கிறார். அது மரியாதைப் பன்மை அல்ல, உண்மையான பன்மை. அகதிகளாக்கப்பட்ட ஒரு கூட்டத்துக்குச் சொன்னது என் மகனின் வேலைக்கும் என் வீட்டுக் கடனுக்கும் சொன்னதாகச் சுருங்கியபோது, கூட்டம் கரைந்து போனது. பன்மையை ஒருமையாக வாசிப்பதில்தான் ‘கடவுளின் திட்டம்’ என்கிற இன்றைய போதனை முழுக்க நிற்கிறது.

3

துன்பத்தைப் பற்றிப் பிரசங்கம் என்றால் யோபு வராமல் இருக்க மாட்டார். பொறுமைக்கு யோபு என்பது நம் ஊர்ப் பேச்சிலேயே ஏறிவிட்டது. நூலைத் திறந்தால் அந்தப் பொறுமை முதல் இரண்டு அதிகாரங்களோடு சரி. மூன்றாவது அதிகாரத்தில் அவர் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அதிலிருந்து பக்கம் பக்கமாக வழக்காடுகிறார். கடவுளோடு வழக்கு.

எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகு பேசுவதெல்லாம் கடவுளுக்கு வக்காலத்து: துன்பத்துக்குக் காரணம் இருக்கும், நீ எங்கேயோ தப்பு செய்திருப்பாய், இது உன்னைத் திருத்துவதற்காக. நம் ஊர் ஜெபக் கூட்டங்களில் கேட்காத வாதம் ஒன்று இதில் இல்லை. கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபிப்பது இந்த வக்கீல்கள்மேல்தான். தன்னைப் பற்றி யோபு பேசினதுதான் சரி, இவர்கள் பேசினது சரியில்லை என்கிறார். கடவுள் தரப்பில் வாதாடியவர்கள் தோற்று, கடவுள்மேல் வழக்குப் போட்டவர் ஜெயிக்கிற இந்த நூலை வைத்தே நூற்றாண்டுகளாகப் பொறுமை போதிக்க முடிந்திருக்கிறது. வாசிப்பு என்பது அதிகாரத்தின் கையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இன்னொரு விஷயம். யோபுவின் துன்பத்துக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு திட்டம் இருந்தது. அது பரலோகத்தில் நடந்த ஒரு பந்தயம். அந்தப் பந்தயத்தைப் பற்றி யோபுக்குக் கடைசி வரைக்கும் யாரும் சொல்லவில்லை. பெருங்காற்றுக்குள்ளிருந்து பேசுகிற கடவுள்கூட உன் துன்பத்துக்கு இதுதான் காரணம் என்று ஒரு வரி சொல்வதில்லை. வாசகருக்கு மட்டும் தெரியும். ‘எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்’ என்ற ஆறுதலை நூல் யோபுக்குத் தருவதேயில்லை.

பந்தயம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது அரிச்சந்திரன். அங்கே வசிஷ்டருக்கும் விசுவாமித்திரருக்கும் பந்தயம். மதுரை ஸ்பெஷல் நாடக மேடைகளில் விடிய விடிய நடக்கும் மயான காண்டத்தில் ராஜா சுடுகாட்டு வெட்டியானுக்கு அடிமையாகிறான். செத்த மகனைத் தூக்கிவந்த சொந்த மனைவியிடமே சுடுகாட்டுக் கூலி கேட்கிறான். ஜனங்கள் அழுகிறார்கள். யாருக்காக? வெட்டியான் வேலை பார்க்க நேர்ந்த ராஜாவுக்காக. தலைமுறை தலைமுறையாக அந்த வேலைக்கே பிறந்தவன் அதே பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்து நாடகம் பார்க்கிறான். ராஜாவுக்கு எது சோதனையின் உச்சமோ அது அவனுக்கு அன்றாடம். அவனுக்குச் சோதனை முடிகிற அதிகாலை வருவதில்லை, கிரீடம் திரும்புவதில்லை. சோதனை என்ற கருத்தே இழப்பதற்கு ஏதாவது வைத்திருந்தவர்களின் கருத்து.

யோபுவையும் இந்தப் பந்தல் ஓரத்திலிருந்து வாசித்துப் பார்க்கலாம். முதல் அதிகாரத்தில் யோபுவின் ஆடுமாடுகளோடு வேலைக்காரர்களும் வெட்டுப்பட்டும் எரிந்தும் சாகிறார்கள். ஒவ்வொரு முறையும் சேதி சொல்ல ஒருத்தன் மட்டும் தப்பிக்கிறான். செத்தவர்கள் யார், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நூலில் இல்லை. கடைசி அதிகாரத்தில் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்புகிறது: 14,000 ஆடு, 6,000 ஒட்டகம், 1,000 ஏர்மாடு, 1,000 கழுதை. வேலைக்காரர்கள் அந்தப் பட்டியலில் இல்லவேயில்லை. யோபுவின் பந்தயத்துக்காகச் செத்த கூலிக்காரனுக்குக் கடவுளின் திட்டம் என்ன? இந்தக் கேள்வியைப் பிரசங்க பீடங்களில் எழுப்பி நான் கேட்டதில்லை.

நூலுக்குள்ளேயே இதற்கு ஒரு கதவு உண்டு. பெரு நாட்டு விடுதலை இறையியலாளர் குஸ்தாவோ குத்தியேரஸ் 1986இல் எழுதிய யோபு பற்றிய நூலில் அதைச் சுட்டிக்காட்டினார். தன் புண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த யோபு, 24ஆம் அதிகாரத்தில் திடீரென்று மற்றவர்களைப் பார்க்கிறார். பட்டினியோடு அரிக்கட்டுச் சுமக்கிறவர்கள், ஆலை ஆட்டியும் தொண்டை வறள நிற்கிறவர்கள், குளிருக்குப் போர்வையில்லாதவர்கள். கடவுள் இதைக் கேட்கவில்லையே என்கிறார். மேலூரிலும் வாடிப்பட்டியிலும் அறுப்புக்குப் போய்வந்த யாருக்கும் விளக்கவுரை வேண்டியதில்லாத இடம் அது. ‘எனக்கு ஏன்’ என்று தொடங்கிய வழக்கு ‘இவங்களுக்கு ஏன்’ என்று மாறுகிறது. அந்த இடத்தில் ஒருமை மறுபடி பன்மையாகிறது.

4

இந்த இடத்திலிருந்து ‘கருக்கு’க்குப் போகலாம். பாமாவின் அந்தத் தன்வரலாறு 1992இல் மதுரையில், சேசு சபையினர் நடத்திய சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது. தமிழில் முதல் தலித் தன்வரலாறு என்று அதைப் பேசினோம், அதன் கொச்சை மொழியைப் பேசினோம், பெண்ணியத்தைப் பேசினோம். அது ஒரு இறையியல் நூலும்கூட என்பதைத் தமிழ் விமர்சனம் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. மதம் பற்றிய பகுதிகளை ‘மத நிறுவன விமர்சனம்’ என்ற ஒரு வரியில் கடந்துவிட்டோம்.

அதில் வருகிற பாட்டியை நினைத்துப் பாருங்கள். நாயக்கர் வீடுகளில் மாடாக உழைத்து, மிச்சம் மீதியை மேலே நின்று ஊற்ற, கீழே நின்று வாங்கிக்கொண்டு வருகிறவள். பேத்தி கோபப்பட்டால், அவுக மகராசமார், அவுக இல்லேன்னா நாம எப்படிப் பிழைக்க என்கிற ரீதியில் சமாதானம் சொல்கிறவள். அடுத்து கன்னியர் மடத்தின் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டுக்கு வாருங்கள். மேலே இருப்பவரின் முடிவே கடவுளின் திருவுளம், அதைக் கேள்வி கேட்பது பாவம் என்பது அங்கே பயிற்சி. இந்த இரண்டு இடங்களையும் பாமா தனித்தனி அத்தியாயங்களில்தான் எழுதுகிறார். ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் இலக்கணம் ஒன்றாக இருக்கிறது. நாயக்கர் முற்றத்தில் பாட்டி கற்றுக்கொண்டதைத்தான் மடத்தில் பேத்திக்கு லத்தீன் வாசனையோடு கற்றுக்கொடுக்கிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்காக உழைக்கலாம் என்று நம்பி உள்ளே போனவர், வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களையும், ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்களின் வசதியான வாழ்க்கையையும், சாதி பார்க்கிற சபைகளையும் பார்த்து வெளியே வருகிறார்.

வெளியே வந்தவர் கடவுளை விட்டுவிட்டாரா? நம் தோழர்கள் அப்படி எதிர்பார்த்தார்கள். நூல் அப்படி முடியவில்லை. கடவுள் அன்பானவர், பொறுமையானவர், தாழ்மையானவர் என்று சொல்லிக்கொடுத்தவர்கள், அவர் நீதியுள்ளவர், அநியாயத்தைக் கண்டு கோபப்படுகிறவர் என்பதைச் சொல்லவில்லை என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு. இது நம்பாதவர் பேச்சு அல்ல. யோபு பேசுகிற மாதிரியான பேச்சு. பனங்கருக்கின் இருபக்க முள்ளை எபிரேயருக்கு எழுதிய நிருபத்தின் இருபுறமும் கருக்குள்ள பட்டயத்தோடு பாமா முன்னுரையில் சேர்த்துப் பார்ப்பதும் தற்செயல் இல்லை. வேதத்தை அவர் கைவிடவில்லை, அதன் கூரான பக்கத்தைத் திருப்பிப் பிடித்தார். இதை அச்சிட்டது திருச்சபைக்குள்ளிருந்த ஒரு அமைப்பு என்பதையும் மறைக்கக் கூடாது. திருச்சபையும் ஒற்றைக் குரல் அல்ல.

5

மதுரையில் இன்னொரு குரல் அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்தது. தியாப்பிலஸ் அப்பாவு (1940–2005), ஜனங்களுக்குப் பரட்டை அண்ணன். கர்நாடக ராகத்தில் அமைந்த கீர்த்தனைகளும் மேல்நாட்டுப் பாமாலைகளும் ஆண்ட சபை வழிபாட்டுக்குள் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் கிராமத்துப் பேச்சையும் கொண்டுவந்தவர். நாட்டுப்புறப் பாட்டை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு அவர் வைத்த காரணம் முக்கியம்: அதைப் பாடுகிறவர்கள் தங்கள் தேவைக்கு மாற்றிப் பாடிக்கொள்ள முடியும். மேலேயிருந்து வந்த பிரதி அல்ல அது. கூட்டமாக, சண்டை போட்டு, சேர்த்தும் விட்டும் பாடுகிற பிரதி.

அவருடைய இறையியலின் மையம் ‘ஒரு உலை’. எல்லாரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிடுவது. சோற்றுக்காக ஜெபிக்கிறவன் அந்தச் சோற்றைத் தனியாகப் பொங்கினால் ஜெபம் பாதியில் நிற்கிறது என்பது அதன் உட்கிடை. இது வெறும் உவமை இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மதுரை மிஷன் தன் ஊழியக்காரர்கள் சாதியை விட்டார்களா என்று பார்க்கச் சேர்ந்து சாப்பிடுவதைத்தான் சோதனையாக வைத்தது. பலர் அந்தப் பந்தியில் உட்கார மறுத்தார்கள். ஞானஸ்நானம் எடுக்க முடிந்தது, கை நனைக்க முடியவில்லை. அப்பாவு இந்தப் பழைய புண்ணின்மேல்தான் கை வைத்தார். கடவுளின் விருப்பம் என்ன என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல், அடுப்பு எத்தனை, உலை எத்தனை என்று எண்ணச் சொன்னார். எண்ணத் தெரிந்தவர்களுக்குச் சித்தம் புரிந்துவிடும்.

சபைக்குள் உலை இன்னும் ஒன்றாகவில்லை. விழுப்புரம் பக்கத்து எறையூரில் 2008 மார்ச்சில், ஒரே பங்கின் தலித் கத்தோலிக்கர்களுக்கும் வன்னியக் கத்தோலிக்கர்களுக்கும் இடையிலான மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இரண்டு உயிர் போனது. தன் வேலிக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. இப்படிப்பட்ட ஒரு சபை தன் தலித் விசுவாசியிடம் ‘ஆண்டவர் திட்டம் வச்சிருக்கார்’ என்று சொன்னால், சொல்கிற வாய் எலிப்பாசின் வாய்தான்.

6

பாதிரியார் ‘பரலோகத்தில் பலன்’ என்று அனுப்பிவைக்கிற ஆளை அரசாங்கம் என்ன செய்கிறது? 1950இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாவது பத்தி இந்துக்களுக்கு மட்டுமே அந்தத் தகுதி என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்.

சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகத் தந்த பங்க் கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி 1985இல் மனுவைத் தள்ளிவிட்டார்கள். அவர் உட்கார்ந்திருந்த நடைபாதையும் கையிலிருந்த செருப்பும் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மதத்தை நிபந்தனையாக்கும் அந்தப் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். எழுபது வருஷக் கெடுவெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது.

சூசை கிறிஸ்தவராகவே இருந்துகொண்டு வழக்காடினார் என்பதைக் கவனிக்க வேண்டும். மதத்தை மறைத்திருந்தால் பங்க் கடை கிடைத்திருக்கும். பலருக்கு அது கட்டாயமாகிறது, அவர்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. இவர் மறைக்கவுமில்லை, சும்மா இருக்கவுமில்லை. நம்பிக்கையும் மனுவும் ஒரே கையில் இருந்தன. அபின் என்ற சொல்லுக்குள் இந்த மனிதர் அடங்க மாட்டார்.

7

கட்டுரையின் தலைப்பிலிருக்கும் இரண்டு சொற்களுக்கு வருகிறேன். ‘ஆண்டவர் பாத்துக்குவாரு’ என்று சொல்கிற அதே பெண், கூலியைக் குறைத்தவனையோ மகளைக் கைநீட்டி அடித்தவனையோ பார்த்து, மண்ணை வாரித் தூற்றி, ‘ஆண்டவர் கேப்பாருடா’ என்றும் சொல்கிறாள். முதல் வாக்கியத்தில் பொறுப்பு கைமாறுகிறது. இரண்டாவதில் எதிராளி கூண்டில் ஏற்றப்படுகிறான். தமிழில் ‘கேள்’ இரண்டு வேலை செய்கிறது: காது கொடுப்பது, கணக்குக் கேட்பது. ‘கேப்பாரு’ என்றால் என் அழுகையைக் கேட்பார், உன்னிடம் நியாயமும் கேட்பார். கேட்பாரற்றுக் கிடப்பதுதான் நம் மொழியில் அநாதைத்தனத்தின் உச்சம். யோபு பொருளைத் திரும்பக் கேட்கவில்லை, தன்னைக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் தவித்தார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமானதுதான். ‘கேப்பாரு’வும் எதிர்காலம்தானே, அதுவும் ஒத்திப்போடுவதுதானே என்று தோழர்கள் கேட்பார்கள். உண்மை. மண்ணைத் தூற்றிவிட்டு மறுநாள் அதே வயலுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் திட்டம் என்று ஏற்றுக்கொள்கிறவருக்கு நடந்தது சரி. கேப்பாரு என்கிறவருக்கு நடந்தது அநியாயம், வழக்கு முடியவில்லை. போராட்டத்துக்கு ஆள் சேர்க்கப் போகிறவனுக்கு இந்த வித்தியாசம் போதும். வழக்கு நிலுவையில் இருக்கிற வீட்டு வாசலில்தான் உட்கார்ந்து பேச முடியும். அந்த வாசலில் போய், ஒன் ஆண்டவர் பொய் என்று ஆரம்பிக்கிறவர், அவள் கையிலிருக்கும் ஒரே மனுவைப் பிடுங்கிக் கிழிக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் ஆண்டவர் திட்டம் என்று தேற்றுகிற உபதேசியாரும் அதே மனுவைத்தான் வாங்கி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொள்கிறார்.

துன்பத்தில் கடவுளை நம்புவது பற்றி விமர்சனத்துக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான்: நம்புகிறவர் தன் துன்பத்தைப் பற்றித் தானே சொல்லும்போது நாம் வாயை மூடிக்கொண்டு, அந்த மூன்று நண்பர்கள் முதல் ஏழு நாள் இருந்த மாதிரி, தரையில் உட்காரலாம். அடுத்தவர் துன்பத்துக்குத் திட்டம் சொல்ல வருகிறவரிடம், அவர் அங்கி போட்டவரானாலும் சிவப்புத் துண்டு போட்டவரானாலும், முதலில் ஒன்று கேட்க வேண்டும்: ஒங்க வீட்டு உலை எங்கய்யா கொதிக்குது?